முளைக்கொட்டிலின் முகடு

நாகேஸ்வரிக்குத் தெரியாதவை உலகத்தில் இரண்டே இரண்டுதான் என்று அவளுடைய கணவன் வீரகத்தி ஊரெல்லாம் சொல்லித் திரிவான். ஒன்று நீந்துவது, மற்றது வாயை மூடிக்கொண்டிருப்பது. இதைக் கேட்டு அவள் ஒருநாளும் கோபித்ததில்லை. நீந்தத் தெரியாதது உண்மைதான் என்று மட்டும் ஒத்துக்கொள்வாள்.

கனகராயன்குளத்தில் பெருந்தெருவை விட்டு இறங்கி, காட்டுக்குள் போகிற வண்டிப் பாதையின் முடிவில் ஒரு குளம். அதன் கீழே காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களில் அவர்களுடையதும் ஒன்று. அறுபதுகள் தொடங்கிய காலம் அது. பிள்ளைகள் இரண்டையும் படிப்புக்காக வடமராட்சியில் நாகேஸ்வரியின் தமக்கை வீட்டில் விட்டுவிட்டு, புருசனும் பெண்சாதியுமாக வந்து காடு வெட்டினார்கள், வேர் கிண்டினார்கள், வரம்பு கட்டினார்கள். யானைக்குப் பயந்து மற்றப் பெண்கள் மாலையானால் கதவைச் சாத்திக்கொள்ள, நாகேஸ்வரி முற்றத்தில் நின்று தகரத்தில் தட்டி யானையைத் திட்டுவாள். யானை போய்விடும். திட்டுக்குப் போனதா தகரத்துக்குப் போனதா என்று கேட்டால், திட்டுக்குத்தான் என்பாள்.

அவளுடைய பெயர் முதலில் எடுபட்டது மிளகாய்க் கன்றில்தான். மாரி காலத்தில் வெளியே மேடை போட்டு விதைத்தவர்களின் மிளகாய் விதையெல்லாம் மழை அடித்துக்கொண்டு போக, இவள் சிரட்டைகளில் மண் நிரப்பிக் குசினிக்குள் வைத்தாள். முதலில் அடுப்புக்கு மேலே பரணில் வைத்தாள், விதை வறுபட்டுப் போனது. பிறகு யன்னலடியில் வைத்தாள், முளைத்ததெல்லாம் வாடைக் காற்றில் சுருண்டது. மூன்றாம் தரம் அடுப்புக்குக் கொஞ்சம் தள்ளி மூலையில் வைத்து, அதற்கு நேர் மேலே கூரையில் வேய்ந்த தென்னோலைக் கிடுகை ஒரு கை அகலத்துக்கு விலக்கி, புகையும் ஆவியும் போக வழி விட்டாள். கன்றுகள் கொழுகொழுவென்று வந்தன. சூட்டை உண்டாக்குவது பெரிய காரியமில்லை, அதை வேண்டிய மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைப் போக விடுவதுதான் காரியம் என்று கன்று வாங்க வந்த பெண்களுக்கெல்லாம் சொன்னாள். அவர்கள் கன்றை வாங்கிக்கொண்டு போனார்கள், கதையை விட்டுவிட்டுப் போனார்கள்.

வீரகத்தியும் சூடு தெரிந்த ஆள்தான். அவனுடைய தகப்பன் வழியில் எல்லாரும் புகையிலைக்காரர். காய்ந்த புகையிலையை அடுக்கி, பாயால் மூடி, மேலே பாரம் ஏற்றி, காற்றுப் புகாமல் வைத்துவிட்டால் உள்ளுக்குள்ளேயே சூடேறி இலை பதமாகும். பாடம் போடுவது என்பார்கள். பாடம் போடுவதில் வீரகத்தியை மிஞ்ச ஆள் இல்லை என்று அவனே சொல்வான். குடியேற்றத்தில் மற்றவர்களுக்குப் புகையிலைத் தொழில் அவ்வளவு தெரியாததால் மறுத்துச் சொல்லவும் ஆள் இல்லை.

அந்த வருடம் கார்த்திகை மழை கோபத்தோடு வந்தது. புழுதியில் விதைத்த நெல் முளைத்து ஒரு சாண் எழும்பும் முன்னரே வயலெல்லாம் வெள்ளம். நாள் கணக்கில் தண்ணீருக்குள் கிடந்த பயிர் அழுகி நாறியது. தண்ணீர் வற்றினால் உழக்கிச் சேறாக்கி மறுபடி விதைக்கலாம். ஆனால் பிந்திவிட்டது, கெதியில் விளைகிற நெல்தான் சரிவரும். வீடுகளில் மிஞ்சிக் கிடந்த, அப்படி விளைகிற பச்சைப்பெருமாள் விதை நெல்லைக் கூட்டிப் பார்த்தால் அரிதட்டில் அள்ளிய மீன் மாதிரிக் கொஞ்சம்தான் தேறியது. அதை முளைக்க வைத்துச் சேற்றில் எறிய வேண்டும். அதுவும் பிழைத்தால் அந்த வருடம் அடுப்பில் பானை ஏறாது. பயிர் செய்யாத காணியைத் திருப்பி எடுத்துவிடுவார்கள் என்ற பேச்சும் அடிபட்டது.

விதையை நனைத்துச் சாக்கில் கட்டி வைத்தால் சாதாரண நாளில் தானாக முளைக்கும். மார்கழிக் கூதலில் அது கண் திறக்க மறுத்தது. சில சாக்குகளில் முளைக்கு முன் பூஞ்சணம் வந்தது. அப்போதுதான் வீரகத்தி மார்பைத் தட்டிக்கொண்டு எழும்பினான். தான் ஒரு முளைக்கொட்டில் கட்டுவதாகவும், சூட்டை எப்படி அடைத்து வைப்பது என்று இந்தக் குளத்துக்கே காட்டுவதாகவும் சொன்னான்.

வீட்டுக்குப் பின்புறம் களிமண் சுவர் எழும்பியது. இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாமவர் வெளியே நிற்க வேண்டிய அளவுக்குச் சின்னக் கொட்டில். மேலே கிடுகுக் கூரை. யன்னல் இல்லை. சுவருக்கும் கூரைக்கும் நடுவே கிடந்த நீக்கலை வைக்கோல் திணித்து அடைத்தான். வெடிப்புகளைச் சாணமும் மண்ணும் குழைத்துப் பூசினான். பலகைக் கதவுக்கு உட்பக்கம் சாக்குத் திரை. மூலையில் கணகணவென்று எரியும் உமிச்சட்டி ஒன்று.

நாகேஸ்வரி வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, முகட்டில் ஒரு வழி விடும்படியும், கீழே சுவரில் ஒரு ஓட்டை வைக்கும்படியும் சொன்னாள். கீழால் காற்று வந்தால்தான் மேலால் ஆவி போகும் என்றாள்.

"காத்துப் பட்டாப் பாடம் கெட்டுப் போகுமப்பா," என்றான் வீரகத்தி.

"பாடம் போடுறது செத்த இலையை. இது உயிருள்ள விதை. இதுக்கு மூச்சு விட வேணும்."

"உமக்குக் குசினிச் சூடுதான் தெரியும். இது வேறை சூடு."

அதோடு இன்னொரு சட்டமும் வந்தது. பாடம் போட்ட இடத்துக்குப் பெண்களை விடுவதில்லை என்பது அவன் தகப்பன் காலத்துப் பழக்கம். எந்த நேரத்தில் எவள் தீட்டுப்பட்டுத் துடக்காக இருப்பாளோ யார் கண்டது? ஆகையால் பெண் வாசமே வேண்டாம் என்று மொத்தமாகத் தடுத்துவிடுவார்கள். மாதத் துடக்கு வந்த பெண் குசினிக்குள் போவதில்லை, சாமி படத்துக்குக் கிட்டப் போவதில்லை, விதை நெல்லைத் தொடுவதை நினைத்தே பார்ப்பதில்லை. முளைக்கொட்டிலுக்கும் அதே சட்டம் என்றான் வீரகத்தி. நாகேஸ்வரிக்கு அந்த வழக்கத்தில் சண்டை இல்லை. அந்த நாட்களில் அவளும் மற்றப் பெண்களைப் போல வெளிக் கொட்டிலில் தன் பாயோடு ஒதுங்கி இருப்பவள்தான். ஆனால் யன்னல் இல்லாத கொட்டிலோடு அவளுக்குப் பெரிய சண்டை இருந்தது.

வீரகத்தி தன் விதையில் ஒரு சின்னச் சாக்கை முதலில் வைத்துப் பார்த்தான். அது அழகாக முளைத்தது. ஒரு கைப்பிடி எடுத்து வட்டிலில் பரப்பி, கோயில் பிரசாதம் மாதிரி வீடு வீடாகக் கொண்டு போய்க் காட்டினான். வெள்ளை வெளேரென்று கண் காட்டி நின்ற முளையைக் கண்டதும் பக்கத்து நான்கு வீட்டாரும் தங்கள் விதையை நனைத்துத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

அவர்களில் அப்புத்துரை ஒருவர். அடுத்த காணிக்காரர், ஊருக்கு மூத்தவர் மாதிரி, பெரிய பக்திமான். கருங்காலி மரத்தடியில் முருகனின் வேல் ஒன்றை நட்டு, விளக்கேற்றிக் கும்பிடாமல் மண்வெட்டியைத் தொடமாட்டார். விதையையும் வேலுக்கு முன்னால் வைத்துத் திருநீறு போட்டுத்தான் கொண்டு வந்தார். கொட்டிலுக்குள் பெண்கள் போவதில்லையே என்று இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்ட பிறகுதான் சாக்கை இறக்கினார்.

எல்லாம் ஒரே இன நெல் என்பதால் ஒன்றாகக் கொட்டிக் குவித்தார்கள். குவியல் இடுப்பளவு உயர்ந்தது. வாழையிலை மூடி, ஈரச் சாக்கு மூடி, மேலே கட்டைகளைப் பாரம் ஏற்றி, உமிச்சட்டியையும் மூட்டி வைத்துக் கதவைச் சாத்தினான் வீரகத்தி. கொஞ்ச நெல் சூடு தேடும், கனக்க நெல் தானே சூடு போடும், ஆகக் குறைந்தது அந்தச் சட்டியையாவது வெளியே எடுங்கோ என்று நாகேஸ்வரி வெளிக் கொட்டிலிலிருந்து கத்தினாள். அன்று காலையில்தான் அவள் அங்கே ஒதுங்கியிருந்தாள். ஊதுகிற சங்கை ஊதினாள், செவிடன் காதிலே விழுந்தது.

மறுநாள் விடிய ஆள் ஓடி வந்தது. குளக்கட்டில் ஓரிடத்தில் தண்ணீர் கசிகிறது, ஆம்பிளைகள் எல்லாரும் மண்வெட்டியும் சாக்கும் கொண்டு வர வேண்டும் என்று. கட்டு உடைந்தால் வயலும் இல்லை வீடும் இல்லை. வீரகத்தி போகிற போக்கில் உமிச்சட்டிக்கு நிரம்ப உமி போட்டுவிட்டு, கதவைத் திறக்கக்கூடாது என்று சொல்லிவிட்டு ஓடினான். குடியேற்றத்தில் பெண்களும் மாடுகளும்தான் மிஞ்சினார்கள்.

நாகேஸ்வரி வெளிக் கொட்டிலில் இருந்து கிழிந்த சாக்குத் தைத்தாள். மழை தூறிக்கொண்டிருந்தது. மத்தியானத்துக்குக் கிட்ட அப்புத்துரையின் மனைவி இராசமலர் சோறு கொண்டு வந்தாள். இவள் சோற்றைப் பார்க்கவில்லை. முளைக்கொட்டிலின் முகட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மழையில் நனைந்த கிடுகிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. ஈரக் கூரை புகைவதற்கு என்ன நியாயம்?

எழும்பிப் போய்ப் பின்சுவரில் கையை வைத்தாள். வெளியே குளிரில் பல் அடிக்கிறது, சுவர் காய்ச்சல்காரனின் நெற்றி மாதிரிச் சுட்டது. கதவு நீக்கலில் மூக்கை வைத்தாள். கஞ்சி கொதிக்கிற மணம் வந்தது. இன்னும் புளிப்பு மணம் இல்லை. புளிப்பு வந்துவிட்டால் விதை அவிந்துவிட்டது என்று பொருள், பிறகு மாட்டுக்குத்தான் போடலாம். மணம் புளிப்புக்குத் திரும்ப வெகுநேரம் ஆகாது என்று அவளுக்குத் தெரிந்தது.

இராசமலரை உள்ளே போகச் சொன்னாள். சட்டியைத் தூக்கி வெளியே வை, குவியலைக் கலை, நான் வெளியில் நின்று சொல்லித் தருகிறேன் என்றாள். இராசமலர் நல்லவள், ஆனால் புருசனின் சொல்லைத் தாண்டிப் பழகாதவள். வேலுக்கு முன்னால் வைத்த விதை, பெண்கள் போகக்கூடாது என்று சொன்ன இடம், நாளைக்கு முளைக்காவிட்டால் தன் தலையில்தான் விடியும் என்று அழாக்குறையாகச் சொன்னாள். ஆம்பிளைகள் வரட்டும் என்றாள்.

"ஆம்பிளையள் வரேக்குள்ளை சோறாகிவிடும், மலர். பரிமாறத்தான் சரி."

"அக்கா, நீங்கள் துடக்கு."

"ஓம். அது எனக்கும் தெரியும்."

அந்த இடத்தில் நாகேஸ்வரியும் தயங்கினாள். அவள் ஒன்றும் நாத்திகக்காரி அல்ல. தாய் சொல்லி வளர்த்த பயம் அவளுக்குள்ளும் இருந்தது. தெய்வக் குற்றம் என்று ஒன்று இருந்து, பிள்ளைகளுக்கு ஏதும் வந்துவிட்டால் என்ன செய்வது என்று நினைத்தாள். ஆனால் ஐந்து வீட்டுச் சோறு அந்தச் சுவருக்குப் பின்னால் வேகிறது. தலைக்கு மேலே வெள்ளம் போன பிறகு சாண் என்ன முழம் என்ன? கருங்காலி மரத்தடிப் பக்கம் திரும்பி ஒரு தரம் பார்த்தாள். பிழையென்றால் என்னைக் கேள், பிள்ளைகளைக் கேட்காதே என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு கதவைத் தள்ளினாள்.

உள்ளிருந்த சூடு முகத்தில் அறைந்தது. கண் தெரியவில்லை. மூச்சு முட்டியது. முதல் வேலையாகச் சேலைத் தலைப்பால் உமிச்சட்டியைப் பிடித்துத் தூக்கி மழைக்குள் எறிந்தாள். திரும்பி வந்து சாக்கை விலக்கிக் குவியலுக்குள் முழங்கை மட்டும் கையை விட்டாள். நடுவில் கையை வைத்திருக்க முடியவில்லை, பிடுங்கிக்கொண்டாள்.

வேறு யாரும் என்றால் அந்தப் பயத்தில் கதவை அகலத் திறந்து விட்டிருப்பார்கள். நாகேஸ்வரி திறக்கவில்லை. வெந்நீரில் நின்றவனைக் கொண்டுபோய் வாடைக் காற்றில் நிறுத்தினால் என்ன ஆகுமோ அதுதான் முளைக்கும் ஆகும் என்று யன்னலடிச் சிரட்டைகள் அவளுக்குக் காட்டியிருந்தன. கதவைத் தன் பின்னால் சாத்திக்கொண்டு வெளியே வந்து, முருங்கைக்காய் பறிக்கிற கொக்கத்தடியால் முகட்டுக் கிடுகைக் குத்தித் தூக்கினாள். ஆவி குபுகுபுவென்று கிளம்பியது. பிறகு அலவாங்குக் கம்பியை எடுத்துக் காற்று அடிக்காத பக்கத்துச் சுவரில், நிலத்தோடு ஒட்டி, பூனை நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை உடைத்தாள். வீரகத்தி பூசி மெழுகிய சுவர். உடைக்கும்போது கொஞ்சம் சந்தோசமாகவும் இருந்தது என்பதை மறைக்க என்ன இருக்கிறது?

உள்ளே போய்க் குவியலைக் கலைத்தாள். கணுக்கால் உயரத்துக்கு நிலமெங்கும் பரப்பினாள். நடுவில் ஒரு கடகப் பெட்டி அளவு நெல் வழுவழுவென்று அவிந்து போயிருந்தது, அதை அள்ளி வேறாக வைத்தாள். மற்றதைக் கிண்டிக் கிண்டித் தண்ணீர் தெளித்து, புரட்டி, ஈரச் சாக்கைப் பட்டும் படாமலும் மூடினாள். இராசமலர் வாசலில் நின்று தண்ணீர் வாளியை மட்டும் நீட்டினாள். வாளியில் பெண் கை படலாமா என்று அவள் கேட்கவில்லை, இவளும் ஞாபகப்படுத்தவில்லை.

பிறகு உட்கார்ந்துகொண்டு ஆவியைப் பார்த்தாள். முகட்டில் நிறைய ஆவி வந்தால் கிடுகைக் கூடத் தூக்கினாள், குறைந்தால் தாழ்த்தினாள். மழைக் காற்று திரும்பி அடித்தபோது கீழ் ஓட்டையை அரைவாசி சாக்கால் அடைத்தாள். இடைக்கிடை கையை நெல்லுக்குள் விட்டு வைத்துக்கொண்டிருந்தாள். கை உள்ளே சுகமாக இருக்கும் சூடு வரைக்கும் விடவில்லை. அது வந்ததும், சோற்றைக் கொண்டா மலர், பசிக்கிறது என்றாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் ஆண்கள் வந்தார்கள். கட்டு தப்பிவிட்டது. தலையிலிருந்து கால்வரை சேறு. வீரகத்தி முதலில் கண்டது முகட்டில் வாய் பிளந்து நின்ற கிடுகை. இரண்டாவது சுவரில் ஓட்டையை. ஓடிப்போய்க் கதவைத் திறந்தான். மற்றவர்களும் பின்னால் நெருக்கினார்கள். நிலமெங்கும் பரப்பிக் கிடந்தது விதை. ஒன்றிரண்டாக அல்ல, கை வைத்த இடமெல்லாம் வெள்ளைக் கண் காட்டி நின்றது. பக்கத்தில் சாக்கில் அவிந்த நெல் கடகத்தளவு. அதை அள்ளி மணந்து பார்த்த வீரகத்திக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லத் தேவையிருக்கவில்லை. புகையிலைக்காரன் மூக்கு அது.

அப்புத்துரை வாசலிலேயே நின்றார். "ஆர் உள்ளுக்கை போனது?" என்று கேட்டார்.

இராசமலர் நிலத்தைப் பார்த்தாள். வெளிக் கொட்டிலில் பாய் விரித்துக் கிடந்தது எல்லார் கண்ணிலும் பட்டது. நாகேஸ்வரி வாயைத் திறக்கும் முன்னர் வீரகத்தி முந்திக்கொண்டான்.

"நான்தான் போகச் சொன்னனான்."

வீரகத்தி தன் வாழ்நாளில் சொன்ன பொய்கள் அனேகம். அவற்றில் நல்ல பொய் அது ஒன்றுதான். இவ்வளவு காலமும் இந்த மனிசனோடு ஏன் இருக்கிறாய் என்று கேட்டவர்களுக்குச் சொல்ல நாகேஸ்வரிக்கு இனிப் பதில் ஒன்று உண்டு. ஆனாலும் அந்தப் பொய்க்குள் ஒளிந்துகொள்ள அவளுக்கு மனம் வரவில்லை.

"இவர் சொல்லேல்லை," என்றாள். "கேட்டிருந்தா மறிச்சிருப்பார். நானாத்தான் போனனான், துடக்கோடதான் போனனான். போகாட்டி முழுக்க அவிஞ்சிருக்கும். வேண்டாமெண்டு நினைக்கிற ஆக்கள் தங்கட பங்கை இஞ்ச விட்டிட்டுப் போங்கோ. எங்கட வயலிலை நான் விதைக்கிறன்."

மழை நீர் கூரையிலிருந்து சொட்டியது. அப்புத்துரை முளையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தன் மரத்தடிப் பக்கம் பார்த்தார். பாம்பென்று அடிக்கவும் முடியாமல் பழுதையென்று மிதிக்கவும் முடியாமல் நின்ற மனிதர், கடைசியில் இராசமலரைக் கூப்பிட்டு வீட்டிலிருந்து மஞ்சள் தண்ணீர் கரைத்துக்கொண்டு வரச் சொன்னார். வந்ததும் தன் பங்கு இதுதான் என்று ஒரு மூலைக்கு வேப்பிலையால் தெளித்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு மற்றவர்களின் பங்குக்கும் தெளித்தார். பிறகு, அளக்கும்போது தலை தட்டவேண்டாம், நிரம்ப அளவுங்கோ என்று சொல்லி முதல் ஆளாகச் சாக்கைப் பிடித்தார். ஒரு கைப்பிடி நெல்கூட அந்தக் கொட்டிலில் மிஞ்சவில்லை.

எல்லாரும் போன பிறகு வீரகத்தி வெளிக் கொட்டிலடிக்கு வந்தான். அவளுடைய வலது கை முழங்கை வரைக்கும் சிவந்து தடித்திருந்தது. தேங்காயெண்ணெய்ப் போத்திலை எடுத்துக்கொண்டு வந்திருந்தான்.

"தொடாதேங்கோ. பிறகு நீங்களும் தலையிலை தண்ணி வார்க்க வேணும்," என்றாள் அவள்.

"விடியத் தொடக்கம் குளத்துக்கட்டிலை மழைக்குள்ளை நிண்டு வார்த்தனான்தானே. கையைக் காட்டும்."

அவன் எண்ணெய் பூசினான். மன்னிப்பு என்ற சொல்லை அவன் சொல்லவில்லை, அவர்கள் வீட்டில் அந்தச் சொல் புழங்குவதுமில்லை. அந்த ஓட்டை கொஞ்சம் பெரிசாகிவிட்டது என்று மட்டும் முணுமுணுத்தான். பெரிசில்லை, அளவுதான் என்றாள் அவள். ஓம் என்று ஒத்துக்கொண்டான்.

விதை வயலில் விழுந்து, தண்ணீர் வடிந்து, சில நாளில் குளத்தின் கீழெல்லாம் பச்சை போர்த்தது. வேலுக்கு விளக்கேற்றுகிறவரின் வயலும் ஏற்றாதவர்களின் வயலும் ஒரே மாதிரித்தான் வந்தன. பிள்ளைகளுக்கும் ஒன்றும் ஆகவில்லை. தமக்கை எழுதியபடி மூத்தவன் நன்றாகச் சாப்பிடுகிறான், படிப்பதுதான் இல்லை. நாகேஸ்வரி அதைத் தெய்வக் குற்றத்தில் சேர்க்கவில்லை, தகப்பன் வழி என்று சொல்லிவிட்டாள்.

வீரகத்தி விழுந்தும் மீசையில் மண் ஒட்டாத சாதி. ஒரு மாதத்துக்குள் முகட்டுக் கிடுகுக்கு மூங்கில் சட்டம் போட்டு, கீழிருந்தே இழுத்துத் தூக்கவும் தாழ்த்தவும் கயிறு பூட்டினான். சுவர் ஓட்டைக்கு மரத்தில் மூடி செய்தான். வவுனியாச் சந்தைக்குப் போனால், எங்கட கொட்டில் மூச்சு விடுகிற கொட்டில் என்று கண்டவனுக்கெல்லாம் சொன்னான். கண்டுபிடித்தது யார் என்று கேட்டால் பேச்சை மாட்டு விலைக்குத் திருப்பிவிடுவான். ஆனால் கொட்டிலுக்குள் பெண்கள் போகக்கூடாது என்ற கதையை அதற்குப் பிறகு அவன் எடுக்கவேயில்லை.

வெயில் கால விதைப்பான சிறுபோகத்துக்குக் குளத்துத் தண்ணீர் திறக்கப் போவதாக அறிவித்தார்கள். சித்திரை வெயில் கொளுத்தியது. இந்த வெயிலில் விதை வைத்தால் மாரியைவிடக் கெதியில் அவிந்துவிடும் என்பது இப்போது குளத்தடியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வீரகத்தி வாய்க்கால் துப்புரவாக்கப் போயிருந்த ஒரு காலையில், அப்புத்துரை சைக்கிள் கரியரில் நனைத்த விதைச் சாக்கைக் கட்டிக்கொண்டு வந்து வேலிப் படலையில் நின்று கூப்பிட்டார். வீரகத்தியின் பெயரைக் கூப்பிடவில்லை. தங்கச்சி, தங்கச்சி என்றுதான் கூப்பிட்டார்.

நாகேஸ்வரி வெளிக் கொட்டிலில் பாயில் இருந்தாள். எழும்பி வராமல் இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தாள். "அண்ணை, நான் இண்டைக்குத் துடக்கு. விதையை நனைக்க முந்திக் கேட்டிருக்கலாமே."

அப்புத்துரை போகவில்லை. சைக்கிளை வேலியில் சாத்தினார். சாக்கை அவிழ்த்து இறக்கி முளைக்கொட்டில் வாசலில் கொண்டுபோய் வைத்தார். பிறகு திரும்பி வந்து, கைப்பிடியில் தொங்கிய பையிலிருந்து ஒரு சோடாப் போத்திலை எடுத்தார். உள்ளே மஞ்சளாக ஏதோ கலங்கியது.

"தெரியும் தங்கச்சி, மலர் சொன்னவள்," என்றார். "தெளிக்கிறதுக்குக் கரைச்சுக் கொண்டந்திட்டன். நீங்கள் உள்ளுக்கை போங்கோ."

நாகேஸ்வரி எழும்பினாள். கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டு, முகட்டுக் கயிற்றை அவிழ்க்கப் போனாள்.